கூண்டுக்குப் பின்பக்கம் ஒரு கேமரா

ஆகஸ்ட் மாதம். லண்டன் உயிரியல் பூங்காவில் இன்று எடை பார்க்கும் நாள். ஹம்போல்ட் பென்குயின்கள் ஒவ்வொன்றாக எடைக் கருவியில் ஏற வேண்டும். ‘ஒவ்வொன்றாக’ என்பது காப்பாளரின் ஆசை. பென்குயின்களின் கண்ணெல்லாம் மீன் வாளியில். ஆந்தை பழக்கப்பட்டது, தானாக வந்து தராசில் உட்கார்ந்துகொள்ளும். குச்சிப்பூச்சிக்கு ஓர் அளவுகோல் போதும். சுமத்ராப் புலிக்கு என்ன செய்வது? உயரமான இடத்தில் இறைச்சியைக் கட்டிவிட்டு, பக்கத்தில் பெரிய அளவுகோல் ஒன்றைப் பொருத்திவைக்கிறார்கள். புலி பின்னங்கால்களில் எழுந்து இறைச்சியை எட்டிப் பிடிக்கிற அந்த நொடியில் வேலிக்கு வெளியே நின்று அளவைப் படித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சுவரில் கோடு போட்டு உயரம் பார்ப்பார்களே, அதே வேலைதான். கோட்டருகே நிற்கும் பையன்தான் கொஞ்சம் ஆபத்தானவன்.

அன்று பூங்காவுக்குள் பத்திரிகைப் புகைப்படக்காரர்களும் நிறையப் பேர் வருவார்கள். மறுநாள் செய்தித்தாளில் தராசின் மேல் நிற்கும் பென்குயின் படம் வரும். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பென்குயின் பாட்டுக்கு நிற்கிறது, இதில் அறிவியல் எங்கே வந்தது?

எடையில்தான் வந்தது. விலங்குகள் நோயை மறைக்கும். காட்டில் நொண்டி நடக்கிற மான்தான் முதலில் புலியின் கண்ணில் படும் என்பதால், வலி இருந்தாலும் இல்லாததுபோல நடப்பது அவற்றின் பிறவிக் குணம். பூங்காவில் புலி பயம் இல்லாவிட்டாலும் அந்தக் குணம் போகாது. ஆனால் தராசை ஏமாற்ற முடியாது. எடை திடீரென்று குறைந்தால் உடம்பில் ஏதோ கோளாறு. வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனால் குட்டி வரப்போகிறது. இப்படி எடுத்த அளவுகளை, உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூங்காக்களும் மீன் காட்சியகங்களும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கணினிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். வேறொரு நாட்டில் பென்குயின் குஞ்சு வளர்க்கிற காப்பாளர், தன் குஞ்சு சரியான எடையில் இருக்கிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

உயிரியல் பூங்காவுக்குப் போனால் நாம் எல்லோரும் எடுப்பது ஒரே படம்தான். சிங்கம் கொட்டாவி விடுகிற படம். அது கொட்டாவி விடாவிட்டால், தூங்குகிற படம். அதில் தவறில்லை. ஆனால் அழியப்போகும் ஒரு விலங்கைக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் கூண்டின் பின்பக்கம் நடக்கிறது. தராசு வைத்த அறையில், முட்டை பொரிக்கும் கருவிக்குள், எக்ஸ்ரே மேஜையில். அந்தப் பின்பக்கத்துக்குக் கேமராவோடு போனவர்களைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

முதலில் அதே லண்டன் பூங்காவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னால் எடுத்த சில படங்களைப் பார்த்துவிடுவோம்.

தென்னாப்பிரிக்காவில் குவாகா என்றொரு விலங்கு இருந்தது. முன்பாதி வரிக்குதிரை, பின்பாதி பழுப்புக் குதிரை என்று சொல்லத் தோன்றும். கழுத்திலும் தோளிலும் வரி இருக்கும், போகப்போக மங்கி, பின்னால் வரியே இருக்காது. 1851இல் ஒரு பெண் குவாகா லண்டன் பூங்காவுக்கு வந்து, 1872 வரை அங்கே வாழ்ந்தது. 1863க்கும் 1870க்கும் இடையில் ஃபிரெடரிக் யார்க், ஃபிராங்க் ஹேய்ஸ் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் அதைப் படம் எடுத்தார்கள். அப்போது ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். படம் பதிவாகும்வரை விலங்கு அசையாமல் நிற்க வேண்டும். இன்று நம் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுத்துத் தொண்ணூறை அழித்துவிடுகிறோம். அவர்களுக்கு ஒரு படமே ஒரு காலைப்பொழுது வேலை.

அந்தப் படங்களில் ஐந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. உயிருள்ள குவாகாவின் படங்களாக உலகத்தில் இருப்பவை அந்த ஐந்து மட்டுமே. ஐந்திலும் இருப்பது அதே ஒரு பெண் குவாகாதான். அது இறந்து பதினொரு ஆண்டு கழித்து, 1883 ஆகஸ்ட் 12 அன்று, ஆம்ஸ்டர்டாம் பூங்காவில் கடைசிக் குவாகா இறந்தது. அன்று அது கடைசி என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் யாரும் கவலைப்படவும் இல்லை.

யார்க்கும் ஹேய்ஸும் ஒரு விந்தையான விலங்கைப் படம் எடுத்தார்கள், அவ்வளவுதான். அதன் எடை என்ன, எவ்வளவு தின்றது, எப்போது துணை தேடியது என்றெல்லாம் இன்றுபோலக் குறித்துவைக்கும் வழக்கம் அன்று இல்லை. பூங்கா என்பது அதிசயங்களைக் காட்டும் இடம், காப்பாற்றும் இடம் அல்ல. பின்னாளில், 1984இல், ஜெர்மனி அருங்காட்சியகம் ஒன்றில் பாடம் செய்து வைத்திருந்த குவாகாத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து விஞ்ஞானிகள் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். அழிந்துபோன ஒரு விலங்கின் டி.என்.ஏ. முதன்முதலாக வெளியே வந்தது அப்போதுதான். குவாகா வரிக்குதிரைக்கு நெருங்கிய சொந்தம் என்று அது சொன்னது. உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு நூறு ஆண்டு தாமதமாகத் தோல் பதில் சொல்லியது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாப் புலி கதையும் ஏறக்குறைய இதுதான். 1933இல் ஹோபார்ட் பூங்காவில் டேவிட் ஃபிளே என்பவர் அதை அசையும் படமாக எடுத்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போது அது அவருடைய பின்புறத்தில் கடித்துவிட்டது! 1936 செப்டம்பர் 7 அன்று அந்தப் பூங்காவில் இருந்த கடைசி டாஸ்மேனியாப் புலி இறந்தது. அதற்குச் சட்டப்படி பாதுகாப்புக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த இனத்தைப் பற்றி மிஞ்சியிருக்கிற அசையும் படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் என்று ஓர் ஊர். அங்கே ஜோயல் சர்டோரி என்ற புகைப்படக்காரர் இருக்கிறார். உலகம் சுற்றிக் காடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், மனைவிக்குப் புற்றுநோய் வந்ததால் வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. மனைவி குணமாகி வந்த நாட்களில், 2006இல், பக்கத்திலிருந்த குழந்தைகள் உயிரியல் பூங்காவுக்குப் போய், ஏதாவது படம் எடுக்கலாமா என்று கேட்டார். கிடைத்தது என்ன தெரியுமா? உடம்பில் மயிரே இல்லாத, பல் துருத்திய, மண்ணுக்குள் வாழும் ஒரு சின்ன எலி. பூங்காச் சமையலறையிலிருந்து காய் நறுக்கும் வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கி, எலியை அதன் மேல் விட்டுப் படம் எடுத்தார். அழகுப் போட்டியில் கடைசி இடம்கூடக் கிடைக்காத அந்த எலியோடு ‘போட்டோ ஆர்க்’ திட்டம் தொடங்கியது. மனிதர்களின் பராமரிப்பில் இருக்கிற விலங்கினங்கள் எல்லாவற்றையும், ஒன்றையும் விடாமல், படம் எடுத்துவிடுவது அவருடைய நோக்கம். 2020இல் பத்தாயிரமாவது இனத்தை எட்டினார். அது சிலி நாட்டுக் காட்டுப்பூனை. அதன் பிறகும் நிறுத்தவில்லை.

அவருடைய படங்களில் பின்னணி ஒன்று வெள்ளை, இல்லையென்றால் கறுப்பு. வேறு எதுவும் கிடையாது. பூச்சியையோ தவளையையோ வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் விட்டு, லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை வழியாக எடுப்பார். பெரிய விலங்கு என்றால் அது தினமும் சாப்பிட வரும் அறையின் சுவருக்கு முன்கூட்டியே வண்ணம் அடித்துவிடுவார்கள். விலங்கு சாப்பிட வரும், படமும் முடியும். யானைக்கு அறை முழுக்க வண்ணம் அடிப்பது கஷ்டம். பின்னால் துணியைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டியதுதான்.

கறுப்புப் பின்னணிக்குள் ஒரு சின்ன இயற்பியல் ஒளிந்திருக்கிறது. விளக்கிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கொஞ்சம் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் வெளிச்சம் பாதியாகும் என்றுதான் தோன்றும். ஆகாது, நாலில் ஒரு பங்காகிவிடும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே விளக்கை விலங்குக்குப் பக்கத்தில் வைத்து, பின்சுவரை நன்றாகத் தள்ளிவைத்தால், சுவர் தானே இருட்டிவிடும். இரவில் ஒரு பொம்மையையும் டார்ச்சையும் வைத்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பொம்மையைச் சுவரில் ஒட்டிவைத்து ஒரு படம், சுவரிலிருந்து அறையின் நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு படம். டார்ச் பொம்மைக்குப் பக்கத்திலேயே, பக்கவாட்டில் இருக்கட்டும்.

பின்னணி போய்விட்டால் இன்னொன்றும் நடக்கிறது. பக்கத்தில் மரமோ மனிதனோ இல்லாததால் எலி எவ்வளவு பெரிது, யானை எவ்வளவு பெரிது என்று படத்தில் தெரியாது. இரண்டும் ஒரே அளவில் நம்மை நேருக்கு நேர் பார்க்கும். சிங்கத்துக்கு இரக்கப்பட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நத்தைக்கு யார் இருக்கிறார்கள்? அந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்யத்தான் இப்படி எடுப்பதாக சர்டோரி சொல்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் படங்களில் காடும் இல்லை, காப்பாளரும் இல்லை. விலங்கு தனியாக, அந்தரத்தில் நிற்கிறது. அது ஏன் குறைந்தது, யார் அதற்காக என்ன செய்கிறார்கள் என்று படம் மட்டும் சொல்லாது. அடியில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரியும்.

2015 ஜூலையில் சர்டோரி செக் நாட்டின் த்வூர் கிராலோவே பூங்காவுக்குப் போனார். அங்கே நபிரே என்ற 31 வயதுப் பெண் காண்டாமிருகம் இருந்தது. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்ற வகை. அப்போது உலகத்தில் அந்த வகையில் ஐந்துதான் உயிரோடு இருந்தன. நபிரே அமைதியாக நின்று படத்துக்கு முகம் கொடுத்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஜூலை 27 அன்று, உடம்புக்குள் இருந்த நீர்க்கட்டி உடைந்து இறந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அதன் மென்மையான கண் தெரியும், கொம்பு தெரியும். அதே இனத்துக்காக நடந்த வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு படங்களைத் தேட வேண்டும்.

அவற்றைத் தேடினால் அமி விட்டாலி என்ற புகைப்படக்காரரிடம் போய் நிற்போம். 2009 டிசம்பரில், இதே செக் பூங்காவிலிருந்து நான்கு காண்டாமிருகங்களைக் கென்யாவின் ஓல் பெஜெட்டா சரணாலயத்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஆப்பிரிக்க வெயிலிலும் புல்வெளியிலும் அவை குட்டி போடக்கூடும் என்று ஒரு நம்பிக்கை. விட்டாலி அந்தப் பயணத்தைப் படம் எடுத்தார். பனி விழும் ஊரில் வளர்ந்த காண்டாமிருகம், அதற்காகவே செய்த பெட்டிக்குள் ஏறும் படங்கள். குட்டி பிறக்கவில்லை. நான்கில் சூடான் என்ற ஆண் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. அந்த இனத்தின் கடைசி ஆண் அது. கடைசி நேரத்தில் காப்பாளர் அதன் மேல் சாய்ந்து தடவிக்கொடுப்பதை விட்டாலி எடுத்த படம் உலகமெல்லாம் போயிற்று. பாக்கியிருப்பவை சூடானின் மகள் நாஜினும் பேத்தி ஃபாட்டுவும்தான்.

‘இரண்டும் பெண் என்றால் கதை முடிந்தது’ என்று நினைப்பீர்கள். முடியவில்லை. ஆண்கள் உயிரோடு இருந்தபோதே அவற்றின் விந்தணுக்களை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்தார்கள். 2019 ஆகஸ்டில் நாஜினுக்கும் ஃபாட்டுவுக்கும் மயக்க மருந்து கொடுத்து, மீயொலிக் கருவியால் உள்ளே பார்த்து, நீண்ட ஊசியால் பத்துக் கருமுட்டைகளை எடுத்தார்கள். அவை இத்தாலியில் கிரெமோனா நகரத்துச் சோதனைச் சாலைக்கு விமானத்தில் போயின. அங்கே இறந்துபோன ஆண்களின் விந்தணுவோடு அவற்றைச் சேர்த்துக் கருக்களை உண்டாக்கினார்கள். நெருங்கிய சொந்தமான தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் வயிற்றில் அந்தக் கருவை வைத்து வளர்ப்பது திட்டம்.

இந்த வேலையை எப்படிப் படம் எடுப்பது? இரண்டு டன் விலங்கு ஒன்று கண் கட்டப்பட்டுப் படுத்திருக்கிறது. சுற்றிலும் பச்சை உடை போட்ட மருத்துவர்கள். எல்லோருடைய பார்வையும் ஒரு சின்னத் திரையின் மேல். அத்தனை ஆளும் அத்தனை கருவியும் தேடிக்கொண்டிருப்பது வெறும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு செல்லை. அதை நுண்ணோக்கி வழியாகத்தான் எடுக்க முடியும். கேமராவுக்குச் சிக்குவது அதைத் தேடுகிறவர்களின் முகம். எனக்குப் பிடித்தவை இந்த மாதிரிப் படங்கள்தான். அழகாக இருக்காது. தரையில் ஒயர் கிடக்கும், ஓரத்தில் யாருடைய முழங்கையோ மறைக்கும். ஆனால் படத்தில் ஒரு முயற்சி நடந்துகொண்டிருக்கும்.

இந்த வகைப் படங்களிலேயே எல்லோருக்கும் தெரிந்தது அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து வந்தது. ஒரு பெட்டிக்குள் புசுபுசுவென்று வெள்ளைக் குஞ்சு. அதற்கு எதிரே கழுகுத் தலை ஒன்று குனிந்து இரை ஊட்டுகிறது. உற்றுப் பார்த்தால் அந்தத் தலைக்கு உடம்பு இல்லை! கழுத்துக்குக் கீழே மனிதக் கை. அது ஒரு கைப்பொம்மை.

குஞ்சு, கலிஃபோர்னியா காண்டோர். சிறகின் அகலத்தில் வட அமெரிக்க நிலப்பறவைகளில் இதைவிடப் பெரிது இல்லை. சிறகை விரித்தால் ஒன்பதரை அடி. செத்த விலங்குகளைத் தின்று காட்டைச் சுத்தமாக வைத்திருக்கும். நீலகிரிக்கு அடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் பாறுக் கழுகுகள் பார்க்கும் அதே வேலை. தலையும் அதே மொட்டைத் தலை. ஆனால் இரண்டும் நெருங்கிய சொந்தம் அல்ல. வெவ்வேறு கண்டத்தில் ஒரே மாதிரி வாழ்ந்து ஒரே மாதிரி தோற்றத்துக்கு வந்துவிட்டவை.

1982இல் உலகத்தில் இருந்த காண்டோர்கள் 22. அதன் பிறகு காட்டில் இருந்தவையும் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கியதால், எல்லாவற்றையும் பிடித்துப் பூங்காவில் வைத்துக் காப்பாற்றுவது என்று முடிவானது. எதிர்ப்பு பலமாக இருந்தது. காட்டுப் பறவையைக் கூண்டில் அடைத்துக் காப்பாற்றி என்ன பயன் என்று பலர் கேட்டார்கள். கடைசிக் காட்டுப் பறவையை 1987 ஏப்ரல் 19 அன்று பிடித்தார்கள். அதற்கு ஏ.சி.9 என்று பெயர். அன்றைக்கு மொத்தம் 27 பறவைகள், அத்தனையும் சான் டியேகோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கூண்டுக்குள். வானத்தில் ஒன்றுகூட இல்லை.

காண்டோர் ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சை வளர்க்க ஓராண்டுக்கு மேல் ஆவதால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு குஞ்சு. இந்த வேகத்தில் போனால் எப்போது பெருகுவது? அதற்கு ஒரு தந்திரம் இருந்தது. இட்ட முட்டை தொலைந்துபோனால் தாய்ப்பறவை சில வாரத்தில் இன்னொன்று இடும். ஆகவே முதல் முட்டையை எடுத்துப் பொரிப்புக் கருவியில் வைத்தார்கள். தாய் இரண்டாவது இட்டது. இந்தக் கட்டத்திலும் ஒரு வகைப் படம் உண்டு. இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் பிரகாசமான விளக்கைப் பிடித்தால் ஓடு ஒளியை உள்ளே விடும். உள்ளே சிவப்பு இரத்தக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாமல் வெறும் மஞ்சளாக இருந்தால் இல்லை. கோழிப்பண்ணையில் பார்க்கிற அதே சோதனைதான். உலகத்தில் மிஞ்சிய சில டஜன் பறவைகளில் ஒன்று இடுகிற முட்டை என்னும்போது, விளக்கைப் பிடிக்கிற கை கொஞ்சம் நடுங்கும்.

பொரித்த குஞ்சுக்கு மனிதர்கள் ஊட்டினால் என்ன ஆகும்? கொன்ராட் லோரென்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி வாத்துக் குஞ்சுகளை வைத்து இதை ஆராய்ந்தார். முட்டையிலிருந்து வெளியே வந்ததும் தங்கள் முன்னால் நடமாடுகிற உருவத்தை அவை தாயாக எடுத்துக்கொள்ளும். முதலில் பார்த்தது லோரென்ஸை என்றால் லோரென்ஸ்தான் அம்மா. அவர் பின்னாலேயே வரிசையாக நடந்தன. 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனை அம்மா என்று நினைக்கும் காண்டோர் காட்டில் பிழைக்காது. துப்பாக்கிக்காரனிடமே இரை கேட்டுப் போய் நிற்கும். அதனால்தான் பொம்மை. பெரிய காண்டோரின் ஆரஞ்சு நிறத் தலையைப் போலச் செய்து, கையுறையாக மாட்டிக்கொண்டு, குஞ்சின் கண்ணில் படாமல் மறைவில் நின்று ஊட்டினார்கள். பேசக்கூடாது. காட்டுப் பறவைகள் எல்லாவற்றையும் பிடித்து முடிப்பதற்கு முன்பே, 1983இல் பொரித்த சிஸ்குவாக் என்ற குஞ்சிலிருந்து இது தொடங்கியது.

இந்தப் படத்தை எடுக்கிறவருக்கும் அதே விதிதான். குஞ்சு அவரைப் பார்க்கக் கூடாது. அவர் காப்பாளரின் பக்கம் மறைவில் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். நல்ல படம் கிடைக்க வேண்டும் என்று ஓர் அடி முன்னால் வந்தால் அத்தனை பேரின் உழைப்பும் வீண்.

படம் புகழ்பெற்றுவிட்டது. ஆனால் அறிவியல் அந்தப் படத்தோடு நின்றுவிடவில்லை. 1992இல் முதல் பறவைகளைக் காட்டில் விட்டார்கள். இளம் காண்டோர்கள் எங்கெங்கோ போய் உட்கார்ந்தன. மின்கம்பிகளில் மோதிச் சில செத்தன. ஒன்று, கார்களில் ஊற்றும் குளிர்விப்புத் திரவத்தைக் குடித்துச் செத்தது. மனிதர்கள் இருக்கும் இடத்துக்குத் தைரியமாக வந்தன. பொம்மை இரை ஊட்டியதே தவிர, ஊர் நடப்பைச் சொல்லித்தரவில்லை. காண்டோர் குஞ்சு பெரியவர்களிடம் கொத்தும் திட்டும் வாங்கித்தான் நடத்தை கற்கிறது என்பது அப்போதுதான் நன்றாகப் புரிந்தது. ஆகவே வழியை மாற்றினார்கள். முடிந்தவரை பெற்றோரே வளர்க்கட்டும் என்று விட்டார்கள். காட்டுக்கு அனுப்புமுன் இளசுகளோடு ஒரு பெரிய பறவையை வாத்தியாராக வைத்தார்கள். கூண்டுக்குள் போலி மின்கம்பம் ஒன்றை நட்டு, அதில் உட்கார்ந்தால் லேசாக ஷாக் அடிக்கும்படி செய்தார்கள். இரண்டு முறை வாங்கிய பறவை பிறகு மரத்தைத்தான் தேடும். ஆக, பொம்மைப் படத்தை எங்காவது பார்த்தால் ‘காண்டோரை இப்படித்தான் வளர்க்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்த ஆண்டு எடுத்த படம் என்று முதலில் பாருங்கள்.

காண்டோர் படங்களில் என் கணக்கில் அதிக வேலை செய்தது பொம்மைப் படம் அல்ல, எக்ஸ்ரே படம். அதுவும் புகைப்படம்தான், கண்ணுக்குத் தெரியாத ஒளியால் எடுத்தது. மெல்லிய சதை எக்ஸ்ரேயை விட்டுவிடும், எலும்பு ஓரளவு தடுக்கும், ஈயம் ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். நோயுற்ற காண்டோரை லாஸ் ஏஞ்சலிஸ் பூங்காவுக்குக் கொண்டுவந்து எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றில் பளீரென்று வெள்ளைப் புள்ளி தெரியும். வேட்டைக்காரர்கள் சுட்ட மானின் உடலில் சிதறிக் கிடந்த ஈயத் துணுக்கு அது. காண்டோரை யாரும் குறிவைத்துச் சுடவில்லை. செத்த மானைத் தின்றதால் குண்டு உள்ளே போய் இரத்தத்தில் விஷமாகியிருக்கிறது. பூங்காவில் மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றிப் பல பறவைகளைப் பிழைக்கவைத்தார்கள். ஆனால் காட்டுக்குத் திரும்பிப் போனால் மறுபடி அதே இறைச்சி. நோய்க்கு மருந்து பூங்காவில் இருந்தது, காரணம் வெளியே இருந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2013இல் சட்டம் போட்டு, வேட்டைக்கு ஈயக் குண்டு பயன்படுத்துவதை 2019 ஜூலையிலிருந்து முழுவதுமாகத் தடை செய்தது. இந்தியாவில் பாறுகள் செத்ததும் தின்ற இறைச்சியால்தான். அங்கே ஈயம், இங்கே மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. மாடுகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடை செய்தது.

இப்போது உலகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட காண்டோர்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் வெளியே பறக்கின்றன. கடைசியாகப் பிடிபட்ட ஏ.சி.9ஐ, பல குஞ்சுகளுக்குத் தகப்பனான பிறகு, 2002இல் மறுபடி காட்டில் விட்டார்கள். வெளியே பறக்கும் ஏறக்குறைய எல்லாப் பறவைகளின் சிறகிலும் பெரிய எண் அட்டை மாட்டியிருக்கும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ ஒருவர் படம் எடுத்தால்கூட, எண்ணை வைத்து அது எந்தப் பறவை, எங்கே பொரித்தது, அப்பா அம்மா யார் என்று கண்டுபிடித்துவிடலாம். அட்டை படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று சில புகைப்படக்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு. அட்டை இல்லாத படம் அழகான கழுகுப் படம். அட்டை உள்ள படம் ஒரு தகவல்.

சரி, நீங்கள் அடுத்த முறை கைப்பேசியோடு பூங்காவுக்குப் போகும்போது என்ன செய்யலாம்? பின்பக்க அறைகளுக்கு நம்மை விடமாட்டார்கள், விடவும் கூடாது. உதாரணமாக, சென்னைக்குப் பக்கத்து வண்டலூர்ப் பூங்காவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்திகள் இருக்கின்றன. அந்த இனத்தைப் பெருக்கும் தேசியத் திட்டத்தில் வண்டலூருக்கும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட திட்டங்களில், ஜோடி சேர்த்துக் குட்டி வளர்க்கும் இடத்தைப் பார்வையாளர் கண்ணில் படாமல் தனியே வைப்பதுதான் முறை. கூட்டமும் கூச்சலும் இருந்தால் தாய் குட்டியைக் கவனிக்காது.

முன்பக்கத்திலும் பார்க்க நிறைய இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் தீனி வண்டி போவதைப் பார்க்கலாம். எந்த விலங்குக்கு எந்தக் காய், எத்தனை துண்டு என்று கவனியுங்கள். மரக்கட்டைக்குள்ளோ தொங்கும் டப்பாவிலோ தீனியை ஒளித்துவைத்திருந்தால் அதை ஒரு படம் எடுங்கள். காட்டில் தேடித் தின்கிற விலங்கு தட்டில் கொட்டியதைத் தின்றே பழகினால் சலித்துச் சோர்ந்துபோகும், அதனால்தான் அந்த ஏற்பாடு. காப்பாளர் ஒரு குச்சியை நீட்டியதும் விலங்கு கிட்டே வந்து அதைத் தொடுகிறது என்றால், அது வித்தை காட்டுவதல்ல. மயக்க மருந்து இல்லாமல் எடை பார்க்கவும் ஊசி போடவும் கொடுக்கும் பயிற்சி.

கம்பி வலை குறுக்கே வருகிறதே என்று வருத்தம் வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை மற்றக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவந்து, தூரத்து மரத்தைப் பாருங்கள். விரல் மங்கி, அதன் ஊடாகவே மரம் தெரியும். லென்ஸும் அப்படித்தான். வலை லென்ஸுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, விலங்கு வலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு வலை கரைந்துபோகும். அதற்காகத் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டக் கூடாது. தடுப்பு வலையை ஒட்டியே இருக்கும் இடங்களில் மட்டும் செய்யுங்கள். நடுவில் கண்ணாடி இருந்தால் ஃபிளாஷ் போட்ட படத்தில் ஃபிளாஷ்தான் இருக்கும், விலங்கு இருக்காது. கண்ணாடி இல்லாவிட்டாலும் இரவாடி விலங்குகளுக்கு ஃபிளாஷ் வேண்டாம். புலி, ஆந்தை போன்றவற்றின் கண்கள் மங்கிய ஒளியையும் சேகரிக்கப் பழகியவை. திடீர் வெளிச்சம் அவற்றைத் திகைக்கவைக்கும். கண்ணாடியைத் தட்டி விலங்கை எழுப்புகிறவர்களைப் பார்த்தால், முடிந்தால் சொல்லிப் பாருங்கள். அண்ணன்மாரும் மாமாமாரும்தான் அதிகம் தட்டுகிறார்கள்.

கடைசியாக ஒரு படம் கூண்டுக்கு முன்னால் இருக்கும் பெயர்ப்பலகையையும் எடுத்துவையுங்கள். விலங்கின் பெயர், எந்த நாடு, எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எது என்ன என்று குழம்பாது. எடுத்த தேதியும் நேரமும் கைப்பேசிப் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும், அவற்றை அழிக்காதீர்கள். இடம் பதிவாவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பூங்கா என்றால் பரவாயில்லை. காட்டில் அரிய விலங்கையோ கூட்டையோ எடுத்தால் இடப் பதிவை நிறுத்திவிட்டு எடுங்கள். அந்தப் படத்தை இணையத்தில் பார்த்து, இடத்தைக் கண்டுபிடித்து, கண்ணி வைக்கக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.